தகரத்துக்கு அடியில் லியாவ்

சியூலுவானுக்கு இந்த ஊரில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதிர்ச்சாரியில் ஹுங் இரும்புக்கடையின் முகப்பில் அடித்திருக்கும் அந்தத் தகரம் இறங்க வேண்டும். கோயிலுக்குப் போனாலும் அதைத்தான் கேட்பாள். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் தகரத்துக்கு வந்துவிடுவாள்.

தெற்கு வாசல் தெருவில் குவோ மருந்துக்கடையின் தாழ்வாரத்தில், ஒரு தூணோரமாக அவளுடைய தையல் மிஷின். புதுத்துணி தைப்பதில்லை. இடுப்புப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பை இறக்கி விடுவது, இவ்வளவுதான் வேலை. ‘வூ தையல்’ என்று புருஷன் வீட்டுப் பெயரில் ஓர் அட்டை தொங்கும். ஊரார் கூப்பிடுவது தையக்காரம்மா. முப்பத்து மூன்று வருஷமாக அதே தூண், அதே முக்காலி. தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே தகரம். அதில் பெயிண்ட் விளம்பரம் சிவப்பிலிருந்து ரோஜா நிறத்துக்கு வெளுத்துப்போயிருந்தது.

இரும்புக்கடை முதலாளி ஹுங் சிங்பியாவ் தன் கால்சட்டைகளை அவளிடம்தான் கொடுப்பான். இரண்டு விரல் பிரித்துவிடச் சொன்னால் இவள் ஒன்றரை விரல் பிரிப்பாள். வருஷக்கணக்காக இதே வேலை. தனக்குத்தான் தொப்பை நிற்காமல் ஏறுகிறது என்று நினைத்து அந்த மனுஷன் பன்றிக்கொழுப்புச் சோற்றை விட்டான், பீரை விட்டான், விடிந்ததும் விடியாததுமாய் ஆற்றங்கரைக்கு நடக்கப் போனான். மூச்சிரைக்கத் திரும்பி வருகிறவனுக்கு இவள் இங்கிருந்து கையசைப்பாள். அற்பப் புத்தி என்பீர்கள். அற்பப் புத்திதான், யார் இல்லை என்றது? பெரிய பழி கைக்கு வரும்வரைக்கும் சின்னதை வைத்துத்தானே ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.

அந்தப் பெரிய பழி என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தெருவை ஜப்பான்காரன் ஊரை ஆண்ட காலத்தில் அகலப்படுத்தினார்கள். எல்லா வீட்டுக்கும் முன்பக்கத்தை வெட்டித் தள்ளியாயிற்று. வெட்டுப்பட்ட வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவனை ஒருவன் மிஞ்சப் புது முகப்பு எழுப்பினார்கள். ஒருவன் சுதையில் திராட்சைக் கொத்து வைத்தால் அடுத்தவன் அன்னாசி வைத்தான். மூன்றாமவன் இரண்டு சிங்கத்தை ஏற்றி உட்காரவைத்தான். உச்சியில் வட்டமான பூவளையம் போட்டு, நடுவில் ஆளுயர எழுத்தில் வீட்டுக் குலப்பெயர். இப்போது ஹுங் கடையாக இருப்பது அப்போது இரண்டு வீடு. வலதுபக்க நெற்றியில் ‘ஹுங்’ என்றும் இடதுபக்க நெற்றியில் ‘லியாவ்’ என்றும் இருந்தது. லியாவ் வான்செங் காய்கறி விதை விற்றவர். அவருடைய மகள்தான் சியூலுவான்.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இங்கே சந்து கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்த வீட்டு உத்தரமும் அந்த வீட்டு உத்தரமும் அதே சுவரில்தான் தலைவைத்துப் படுத்திருக்கும். அதனால் சுவரில் கைவைக்கிறவன் அடுத்த வீட்டுக்குச் சொல்லி, இரண்டு வீட்டாருமாக ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் தொடங்குவான். எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனால் யாரும் மீறினதும் இல்லை. சிங்பியாவின் அப்பன் பெரிய ஹுங் மீறினான். முகப்பை மட்டும் விட்டுவிட்டு வீட்டை உள்ளுக்குள்ளே இடித்துக் கான்கிரீட் போட ஆரம்பித்தான். லியாவ் வீட்டு உத்தரங்களின் தலை சுவரைத் தாண்டி ஒரு சாண் அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. புதுத்தூணுக்கு அது இடைஞ்சல். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒன்பது உத்தரத்தின் தலையையும் சுவருக்குள்ளே போகிற அளவுக்கு ரம்பம் போட்டு அறுத்துவிட்டான்.

ஏழாம் மாதம் புயல் வந்தது. நண்பகலில் லியாவ் வீட்டுக் கூரை அப்படியே உட்கார்ந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விதை இழுப்பறைகள் இருநூற்றுச் சொச்சமும் மூன்று நாள் மழையில் ஊறின. நாலாம் நாள் வான்செங் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். முள்ளங்கி, கடுகுக்கீரை, பூசணி எல்லாம் அதனதன் பெட்டிக்குள்ளேயே பச்சைப் பசேலென்று முளைத்து நின்றன. சியூலுவானுக்கு அப்போது பத்து வயது. அப்பா அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

விழுந்த உத்தரத்தின் முனை வெட்டுப்பட்டு வழவழவென்று இருந்ததை அவர் பத்துப் பேரைக் கூட்டிக் காட்டினார். பெரிய ஹுங்கோ கரையான் அரித்துவிட்டது என்று சாதித்தான். தெருவில் அத்தனை பேருக்கும் ஆணியும் தகடும் அவன் கடையிலிருந்துதான் வரவேண்டும். எல்லோருக்கும் கரையான்தான் கண்ணில் பட்டது. வீடு ஆபத்தானது என்று நகராட்சி ஓலை ஒட்டியது. கடைசியில் அதைப் பெரிய ஹுங்குக்கே, அவன் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று.

அவன் இரண்டு வீட்டையும் ஒன்றாக்கினான். லியாவ் எழுத்தைக் கொத்தி எடுக்க இரண்டு கொத்தனார்களைக் கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டு பேருமே மாட்டேன் என்றுவிட்டார்கள். அடுத்தவன் குலப்பெயரில் எவன் உளி வைப்பான்? வம்சம் தழைக்காது. அவனுக்கே கை கூசியது. ஆனால் பயந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிற பிறவியா அது? வீட்டில் பெண்டாட்டி பிள்ளையிடம் கொத்தி எறிந்தாயிற்று என்று அளந்துவிட்டு, முகப்பு முழுக்கத் தகரம் அடித்தான். அவன் மகன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தான். மூட்டை முடிச்சோடு எதிர்த் தாழ்வாரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த வான்செங்கும் மகளும் கடைசி ஆணி வரைக்கும் பார்த்தார்கள். தகரத்துக்குள்ளே போன ‘லியாவ்’ ஒரு கோடு குறையாமல்தான் போனது.

வடக்கே போய் ஒரு திருகாணி ஆலையில் பெட்டி கட்டினார் வான்செங். ஏழு வருஷம். குடிக்கிற மனுஷன் இல்லை, புலம்புகிற மனுஷனும் இல்லை. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே எப்போதாவது, “மூடித்தான் வச்சிருக்கான், அழிக்கலை” என்பார். அதோடு கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார். பாதி நாள் பாதிச் சோறுதான். அப்படியே மெலிந்து மெலிந்து போய்ச் சேர்ந்தார்.

சியூலுவானுக்கு இரண்டு வரன் வந்தது. ஒருவன் சொந்த வீட்டோடு நகரத்தில் இருந்தான். இன்னொருவன் இந்த ஊர் பஸ் டிரைவர், காது கொஞ்சம் மந்தம். அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்தாள். நல்லவேளை, வூ தங்கமான மனுஷனாக அமைந்தான். கெட்டவனாக இருந்திருந்தாலும் கட்டியிருப்பாள், அது வேறு விஷயம். பத்து வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு போனவள் இருபத்தேழில் வூ பெண்டாட்டியாக வந்து நின்றபோது ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. தேடித் தேடி அந்தத் தூணடியைப் பிடித்தாள். எட்டாவது வருஷம் பெரிய ஹுங் செத்தான். தகரம் இறங்குவதற்கு முன்னால் தப்பித்துக்கொண்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. சரி, மகன் இருக்கிறானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நகராட்சிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஞானம் பிறந்தது. பழைய தெருவைப் பழையபடி ஆக்குகிறோம், தகரத்தையும் விளம்பரப் பலகையையும் எடுப்பவர்களுக்கு முகப்பைச் செப்பனிட்டுத் தருகிறோம் என்றது. பெங் இஜுன் என்று ஒரு கட்டடக்காரப் பெண்ணை அனுப்பினார்கள். அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கியது அந்தப் பெண். குவோ மருந்துக்கடை முதலில் ஒத்துக்கொண்டது. திராட்சைக் கொத்து வெளியே வந்ததும் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். சிங்பியாவ் அசையவில்லை. தகரத்தை எடுத்தால் மழை இறங்கும் என்று அவனுடைய அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்.

சியூலுவான் அவசரப்படவில்லை. கால்சட்டைக்கு அளவெடுக்கிற சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். குவோவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்றாள் ஒரு மாதம். தெருவிலேயே பெரிய முகப்பு உங்களுடையதுதானே என்றாள் அடுத்த மாதம். மூன்றாவது மாதம், டேப்பை அவன் இடுப்பில் சுற்றிக்கொண்டே, “உங்கப்பா பேரு ஊருக்கே தெரியணும் மொதலாளி. தகரத்துக்குள்ள கெடந்து என்ன பிரயோஜனம்?” என்றாள். மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருந்தால் அவன் ஏன் சிங்பியாவ்? அடியில் எது இருக்கிறதோ அதை அப்படியே செப்பனிட வேண்டும், பத்து வருஷத்துக்கு மறைக்கவோ கொத்தவோ கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

தகரம் இறங்கிய காலையில் தெருவே கூடிவிட்டது. வலதுபக்கம் முதலில். ‘ஹுங்’ வந்தது, சிங்பியாவ் கைதட்டினான். சாரத்தை நகர்த்தி இடதுபக்க ஆணிகளைக் கழற்றினார்கள். தகரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, அரைநூற்றாண்டுத் தூசியைக் கொட்டிக்கொண்டு கீழே வந்தது. மேலே பூவளையத்துக்கு நடுவில், வெயிலே படாததால் வெள்ளை வெளேரென்று ‘லியாவ்’. சியூலுவான் எழுந்து போகவில்லை. முக்காலியிலேயே இருந்தாள். கால் மட்டும் மிஷின் மிதியில் தானாக ஓடிக்கொண்டிருந்தது, ஊசிக்கடியில் துணி இல்லாமலே.

சிங்பியாவ் முதலில் கொத்தனார் ஏதோ குறும்பு செய்துவிட்டான் என்று கத்தினான். பிறகு கொத்தி எடுடா என்றான். கொத்தனார் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இந்தக் காலத்துப் பையன்தான், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறவன், இருந்தாலும் குலப்பெயரில் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டான். இஜுன் தாளை நீட்டிக் கையெழுத்தைக் காட்டியது.

அன்றிலிருந்து பிடித்தது பாருங்கள் சனி. படம் எடுக்க வருகிறவர்கள் “லியாவ் மொதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்கள். தபால்காரன் வேண்டுமென்றே லியாவ் சார் என்று கூப்பிட்டுவிட்டுச் சிரித்தான். அதையெல்லாம் பொறுத்திருப்பான். அவன் பெண்டாட்டி யூஷியாதான் பொறுக்கவில்லை. அவர்கள் வீட்டு முன்னோர் பீடம் மாடியில் இடதுபக்க அறையில், சரியாக அந்த எழுத்துக்குக் கீழே இருக்கிறது. வருஷக் கடைசியில் படையலுக்கு வருகிற, செத்துப்போன ஹுங் பெரியவர்கள் வாசலில் வேறு பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அவள் ராப்பகலாக அழுதாள்.

பூவளையத்துக்கு முதலில் என்ன வர்ணம் இருந்தது என்று தெரியவில்லை, பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா என்று இஜுன் அறிவிப்பு ஒட்டியது. அதற்காகத்தானே காத்திருந்தாள் சியூலுவான். பெட்டியிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு நேரே இரும்புக்கடைக்குள்ளேயே நுழைந்து, இஜுன் கையில் கொடுத்தாள். விதைக்கடை வாசலில் வான்செங், பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட பெண்.

“இது யாரும்மா?” என்றது இஜுன்.

“எங்கப்பா. பக்கத்துல நிக்கறது நான். லியாவ் சியூலுவான்.”

சிங்பியாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவளிடமே அளவுக்கு நின்று, அவளிடமே வீட்டுக்கதை எல்லாம் கொட்டியவன் அல்லவா.

அவனை முழுசாக அவள் கையில் கொடுத்தது இஜுன்தான், அதுவும் தெரியாத்தனமாக. பெயருக்குரிய குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் மட்டும் எழுத்தை மறைக்க நகராட்சிக் குழு சம்மதிக்கலாம் என்று அது சொல்லிவைத்தது. மறுநாளே தாளும் பேனாவுமாக வந்து நின்றான். பழைய கதை, அப்பா காலத்து விஷயம் என்று இழுத்தான். என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்றான்.

சியூலுவான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஒங்கப்பா என்ன பண்ணினாருன்னு தெருக்கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லுங்க. மீதியை அப்பறம் பாக்கலாம்” என்றாள்.

வருஷக் கடைசிக் கூட்டம் மண்தேவன் கோயில் முற்றத்தில் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் சியூலுவான் போயிருந்தாள். அவனைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டால் போதும், அப்பா ஆத்மா ஆறிவிடும் என்று அவளுக்குப் பட்டிருந்தது. காது மந்த வூ கூட முதல்நாள் அதைத்தான் சொன்னான், போதும் விடு என்று.

சிங்பியாவ் எழுந்து நின்றான். அப்பா சுவரில் கைவைத்ததைச் சொன்னான், கரையான் கதை பொய் என்றான். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். சொல்ல ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“அது ரெண்டு பேரு இழுக்கற ரம்பம். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான். எனக்குப் பதினாலு வயசு. ஒம்போது உத்தரம். கரையான் எல்லாம் ஒண்ணும் இல்லை, சுத்தமான மரம், ரம்பம் ஏறவே மாட்டேன்னுது. ஆறாவதுல கை வலிக்குதுன்னேன். இன்னும் மூணுதான் இழுடான்னாரு. இழுத்தேன்.”

எல்லோரும் குனிந்துகொண்டு ஆரஞ்சுத் தோலை உரித்தார்கள். அன்றைக்குக் கரையானைப் பார்த்த வீட்டுப் பிள்ளைகள்தானே அத்தனை பேரும். சிங்பியாவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடித்த தாளை அவள் முன்னால் வைத்தான். பேனா மூடியைக்கூடக் கழற்றியே வைத்தான்.

சியூலுவானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பன் செய்ததற்கு மகன் என்ன செய்வான் என்று அவளுக்குள்ளே ஒரு மூலையில் இருந்த இரக்கம், அந்த மூன்று உத்தரத்தோடு போயிற்று. கூரை விழுந்தபோது இவனுக்குத் தெரியும். இழுப்பறைகளை இழுத்து இழுத்து அப்பா அழுதபோது இவனும்தானே வேடிக்கை பார்த்தான்.

“சொல்லுன்னேன், சொன்னே. கையெழுத்துப் போடறேன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“அந்தப் பேருக்குக் கீழயே குடியிரு.”

தாளை அவனிடமே தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். தெருவில் பாதிப் பேர் அவள் செய்தது அநியாயம் என்றார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அவர்கள் வீட்டுக் கூரையா விழுந்தது?

வருஷக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சிங்பியாவ் மறுபடி வந்தான். தாள் இல்லை, பேனா இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். யூஷியா கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். பெயர் வாசலில் இருக்கிறது, அதைப் பார்த்து லியாவ் வீட்டுப் பெரியவர்கள் வரத்தான் செய்வார்கள், வந்தவர்களைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டை அவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று பூசாரி சொல்லிவிட்டாராம். வேறு குலத்தாரை ஹுங் பீடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்கவும் ஆகாது. அதனால் கீழே தாழ்வாரத்தில் தனி மேசை.

“உங்கப்பா முழுப் பேரு வேணும்” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. “அவருக்கு என்ன பிடிக்கும்னும் யூஷியா கேட்டுட்டு வரச் சொன்னா.”

சியூலுவான் மிஷினை நிறுத்தினாள். இப்படி ஒன்றை அவள் எந்தக் கோயிலிலும் வேண்டிக்கொண்டதில்லை. ஆனாலும் விடுவாளா?

“லியாவ் வான்செங். வறுத்த பால்மீன் பிடிக்கும். முள் அத்தனையும் எடுத்துருக்கணும். ஒரு முள் அகப்பட்டாலும் தொட மாட்டாரு. அதையும் உன் கையாலதான் எடுக்கணும்.”

பால்மீனில் எத்தனை முள் என்பது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

வருஷக் கடைசி மதியம். குவோ கடை மூடியாயிற்று, சியூலுவான் மட்டும் முக்காலியில் இருந்தாள். எதிர்த் தாழ்வாரத்தில் மேசை போட்டுச் சோறு, பச்சைப்பூண்டு, பன்றித்தொடை, நடுவில் பொன்னிறமாக வறுத்த மீன் எல்லாம் வைத்தாகிவிட்டது. சிங்பியாவின் விரல்களில் நாலு இடத்தில் பிளாஸ்திரி. மூன்று ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்து, மேலே எழுத்தைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

“லியாவ் வான்செங் ஐயா, ஹுங் சிங்பியாவ் கூப்பிடறேன். சாப்பிட வாங்க.”

ஊதுபத்தி பாதி எரிந்ததும் இரண்டு காசைக் குலுக்கித் தரையில் போட்டான். ஒன்று பூ, ஒன்று தலை என்று விழுந்தால் பெரியவர் சாப்பிட்டு எழுந்துவிட்டார் என்று அர்த்தம், மேசையை எடுத்துவிடலாம். இரண்டும் தலை. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டான். இரண்டும் பூ. மறுபடி தலை. ஊதுபத்தி அணைந்து இரண்டாவது சுற்றுக் கொளுத்தினான். அவன் வீட்டில் எல்லோரும் மாடியில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். யூஷியா ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பதினோராவது தடவையும் இரண்டும் தலையாக விழுந்தபோது, கால் மாற்றி நின்றுகொண்டு தெருவுக்கு இந்தப் பக்கம் பார்த்தான்.

“ஐயா இன்னும் சாப்பிட்டு முடிக்கலையாம்” என்றான்.

“பசியோட போனவரு, நிதானமா சாப்பிடட்டும்” என்றாள் சியூலுவான்.

சிங்பியாவ் குனிந்து காசைப் பொறுக்கிக்கொண்டு, மூன்றாவது சுற்று ஊதுபத்தியைக் கொளுத்தினான்.